ஊமைத்தீவுக்கு மேற்கே ஐந்து பாகம்

அந்த ஜீப் வழி தவறி வந்திருக்கும் என்றுதான் கன்னியப்பன் முதலில் நினைத்தான். மேனாம்பேட்டில் அவன் வீடு இருந்த சந்துக்குள் சைக்கிள் வரும், அறுப்புக் காலத்தில் வைக்கோல் வண்டி வரும். சுண்ணாம்புக் கம்பெனியின் பச்சை ஜீப், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் வாசலுக்கு வந்து நின்றது அதுதான் முதல் தடவை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சைக்கிள் டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

ஜீப்பிலிருந்து மேனேஜர் இறங்கவில்லை. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினாள். நூல் புடவை, கண்ணாடி, தோளில் கித்தான் பை, கையில் சுருட்டிய வரைபடம்.

"கன்னியப்பன் நீங்கதானே?"

ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள் அவனை 'நீங்க' என்று சொல்லி அவன் கேட்டதில்லை. அதற்காகச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஏதோ பெரிய காரியமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று பட்டது.

"நாந்தான். இன்னா வேணும்மா?"

"என் பேரு தாட்சாயிணி. கடல் உயிர் ஆராய்ச்சி ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மாங்காடு. ராயபுரம் கான்ட்ராக்டர்கிட்ட பழைய டைவர்ங்க பேரெல்லாம் வாங்கினேன். அறுபத்தஞ்சுலேர்ந்து அறுபத்தொன்பது வரைக்கும் நீங்க மண்டபம் பக்கம் கடலுக்குள்ள இறங்கி வேலை செஞ்சிருக்கீங்க."

"செஞ்சேன்."

"அங்க தீவுங்களைச் சுத்தி பவளப்பாறை எங்க உயிரோட இருந்தது, எங்க செத்துக் கிடந்ததுன்னு கண்ணால பார்த்தவங்க உங்களை மாதிரி ஏழெட்டுப் பேர்தான். அதைக் கேட்டு எழுதிக்கலாம்னு வந்தேன்."

கன்னியப்பன் கையிலிருந்த ரப்பர் பசையை வேட்டியில் துடைத்தான். "ஞாபகம் இல்லமா."

"நாலஞ்சு வருஷம் இறங்கின இடமாச்சே?"

"இடது காது ஒட்ஞ்சி போச்சு. அதோட ஞாபகமும் போச்சு." சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்தான். "கம்பெனி வண்டில வந்துகீறீங்க?"

"நேத்து உங்க கம்பெனி யார்டுக்குக் கல்லு பார்க்கப் போயிருந்தேன். உங்க வீட்டுக்கு வழி கேட்டேன். மேனேஜர் வண்டியே அனுப்பிட்டார். நல்ல மனுஷர்."

அவள் அதை வெகு சாதாரணமாகச் சொன்னாள். மேனேஜர் கஜபதியைக் கன்னியப்பனுக்கு நான்கு வருஷமாகத் தெரியும். லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஆளை அரைமணி நேரம் வெயிலில் நிற்க வைக்கிற மனிதர். அவர் பெட்ரோல் செலவழித்து ஒருத்தியை மேனாம்பேட்டுக்கு அனுப்புகிறார் என்றால் அது சும்மா இருக்காது.

"அடுத்த ஞாயிறு வரேன். யோசிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கன்னியப்பனின் அப்பா அம்பத்தூர் ஏரிக்குக் கீழே கூலிக்கு ஏர் ஓட்டியவர். கன்னியப்பன் சின்ன வயதிலேயே கிணற்றில் விழுந்த தவலையும் குடமும் எடுத்துத் தருவதில் பேர் வாங்கினான். அப்படித்தான் ராயபுரத்துக்காரர் ஒருவர் கண்ணில் பட்டு, மூழ்கிய கப்பல் சாமான்களை மேலே எடுக்கும் வேலையில் சேர்ந்தான். செம்புத் தொப்பி, ரப்பர் உடுப்பு, காலுக்கு ஈயச் செருப்பு. மேலே படகில் இருவர் பம்பு அடிக்கக் குழாய் வழியே காற்று வரும். தனுஷ்கோடியைப் புயல் அடித்துப் போன பிறகு, மண்டபம் பக்கம் முழுகிக் கிடந்த படகுகளையும் இரும்பையும் எடுக்க அனுப்பினார்கள். அங்கேதான் அவன் பவளப்பாறையைப் பார்த்தான்.

பார்த்ததை வெளியே யாரிடமும் அவன் விவரித்ததில்லை. சொன்னாலும் வராது. கல் என்கிறார்கள், ஆனால் அது மூச்சுவிடும். மஞ்சளும் ஊதாவுமாக, கொம்பு கொம்பாக, காளான் காளானாக. வேலை முடிந்த பிறகும், மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றை இழுக்காமல் பத்து நிமிஷம் அங்கேயே நின்றிருக்கிறான். அதற்காக மேலே வந்து திட்டும் வாங்கியிருக்கிறான்.

அறுபத்தெட்டில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு. ஆராய்ச்சி என்றார். டீ வாங்கிக் கொடுத்து, எங்கே நல்ல பாறை இருக்கிறது என்று கேட்டார். தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு படித்தவர் தன்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்ற பெருமையில், மணலில் குச்சியால் கோடு போட்டே காட்டினான் கன்னியப்பன். நாற்பது நாள்தான். அந்த இடத்துக்கு வள்ளங்கள் வந்தன, கடப்பாரையோடு ஆட்கள் இறங்கினார்கள். அடுத்த தடவை அவன் அங்கே இறங்கியபோது கொத்திப் போட்ட வயல் மாதிரி இருந்தது.

காது உடைந்து ஊர் திரும்பியவனுக்குக் கிடைத்த வேலையும் அந்தக் கல்லோடுதான் என்பது அவன் விதி. அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்தில் இருந்த அந்தச் சுண்ணாம்புக் கம்பெனிக்குத் தெற்கிலிருந்து கூட்ஸ் வண்டியில், பவளப்பாறையை உடைத்த முருகைக்கல் வந்து இறங்கும். கல்லைத் தெரிந்தவன் என்பதால் தரம் பிரிக்கிற வேலையில் போட்டார்கள். நாள்பட்டுச் செத்த கல்லுக்கு வாசனை கிடையாது. உயிரோடு உடைத்த கல் யார்டுக்கு வந்த பிறகும் மீன் நாற்றம் அடிக்கும். கொஞ்ச நாளாக அந்த நாற்றம் குறைந்துவிட்டது. வருவதெல்லாம் செத்த கல்லும் மண்ணும்தான். நல்ல பாறையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. தீராத இடங்கள் எவை என்பதும் அவனுக்குத் தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை கஜபதி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் கன்னியப்பன் உட்கார்ந்ததே இல்லை. நுனியில் உட்கார்ந்தான்.

"இன்னா கன்னியப்பா, ஊட்டுக்கு விருந்தாளி வந்தாங்களாமே?"

"வந்தாங்க சார்."

"வர்ற கல்லு எப்டி கீதுன்னு நீயே பாக்கற. பாதி மண்ணு. கடல்ல கல்லு எடுக்கற குத்தகைய புதுசு பண்ற நேரம் வருது. எங்க நல்ல கல்லு கீதுன்னு தெரிஞ்சா அந்த இடத்த சேத்து எழுதி வாங்கிடலாம். உனுக்கு அந்தக் கடலு தலகீழா தெரியும். ஒரு இடம் சொல்லு. உன்ன சூப்பர்வைசரா போடறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

வீட்டுக்கு வந்து வேம்புலியம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவன் மனைவி எஸ்டேட்டில் ஒரு டப்பா கம்பெனியில் வேலை செய்தாள். எதையும் ஒரு முறை திருப்பிப் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே கூட்டம் மே," என்றான் கன்னியப்பன். "அந்தம்மாவ வுட்டு நைசா கேக்கறாங்க. மசியலன்னு தெரிஞ்சதும் இவுரு நாற்காலி போடறாரு."

"ஒரே கூட்டமா இருந்தா ரெண்டு வாட்டி எதுக்குய்யா கேக்கணும்? ஒருத்தர் கேட்டா பத்தாதா?"

"அதான் எனுக்கும் புரியல."

"புரியலன்னா கம்னு குந்து."

கம்மென்று உட்கார அவனால் முடியவில்லை. யார் கள்ளன் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். தாட்சாயிணியிடம் ஓர் இடம் சொல்வது, கஜபதியிடம் வேறோர் இடம் சொல்வது. இரண்டும் வெறும் மணல். எந்த இடத்துக்கு வள்ளம் போகிறதோ அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். பார்த்துச் சொல்ல ஆள் இருந்தான். அவனோடு ராயபுரத்திலிருந்து போன உத்தமன், அங்கேயே பெண் எடுத்து மண்டபத்தில் தங்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்றே இன்லேண்டு லெட்டர் எழுதிப் போட்டான்.

அடுத்த ஞாயிறு தாட்சாயிணி பஸ்ஸில் வந்து நடந்தே வந்தாள். கன்னியப்பன் வரைபடத்தை விரிக்கச் சொல்லி ஒரு புள்ளியில் விரல் வைத்தான்.

"ஊமைத்தீவுக்கு மேற்க. அஞ்சு பாகம் ஆழம்." கடலில் அளக்கிற கணக்கு அது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். "இங்க கீறா மாதிரி பாறை எங்கயும் கெடியாது. மான்கொம்பு மாதிரி, ஆள் உசரம். உள்ள பூந்தா வெளிய வர வழி தெரியாது."

சொல்லச் சொல்ல அவனுக்கே அந்தப் பாறை கண்ணுக்குத் தெரிந்தது. தாட்சாயிணி நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தவள், பேனாவை நிறுத்தினாள்.

"அங்க நீரோட்டம் எந்தப் பக்கம்?"

கன்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணல் ஒதுங்குகிற பக்கம் எது, பாறை வளர்கிற பக்கம் எது என்று தெரிந்தவள்தான் அப்படிக் கேட்பாள்.

"வடக்கேர்ந்து," என்றான் வாய்க்கு வந்தபடி.

அவள் ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

கஜபதியிடம் நெட்டைத்தீவுக்கு வடக்கே என்று சொன்னான். அங்கே கோரைபோல் கடல்புல் முளைத்த சேறு. கஜபதி சிரித்துக்கொண்டே கேட்டார். சூப்பர்வைசர் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இருபது நாள் கழித்து உத்தமனின் கடிதம் வந்தது. 'மச்சானுக்கு உத்தமன் எழுதுவது. நீ சொன்னபடி பார்த்துக்கொண்டு இருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஊமைத்தீவுக்கு மேற்கே நாலு வள்ளம் வந்து நங்கூரம் போட்டது. கடப்பாரையோடு ஆட்கள் இறங்கி மதியம் வரைக்கும் தேடினார்கள். வெறும் மணல்தான் என்று திட்டிக்கொண்டே போனார்கள். நெட்டைத்தீவுப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை.'

கன்னியப்பன் அதை வேம்புலியம்மாளுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினான். "பாத்தியா? அந்தம்மாதான்! நீங்க நீங்கன்னு சொல்லிகினு வந்து கழுத்த அறுக்கப் பாத்துகீறா!"

வேம்புலியம்மாள் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "அவங்க ஊட்டுக்கே போயி கேட்டுட்டு வாய்யா. மூஞ்ச பாத்தா தெரியும்," என்றாள்.

மாங்காட்டில் வீரராகவன் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். தாட்சாயிணி அவர் மகள். கன்னியப்பனின் அம்மா பொன்னியம்மாவுக்குப் பிறந்த ஊர் மாங்காடு. கல்யாணத்துக்கு முன்னால் அதே வீட்டு நிலத்தில் நாற்று நட்டவள். கூலி நெல் வாங்க அவள் அந்த வீட்டின் பின்பக்கம்தான் போயிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே சைக்கிளை முன்வாசலில் நிறுத்தி மணி அடித்தான்.

தாட்சாயிணியே வெளியே வந்தாள். "வாங்க. உள்ள வந்து உட்காருங்க."

"உக்கார வரல. நான் சொன்ன இடத்துக்கு வள்ளம் வந்துச்சு. நாலு வள்ளம். கடப்பாரையோட."

அவள் புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது முகம் வெளிறியது. இந்த மாதிரி முகத்தை நடிக்கவும் முடியும் என்று கன்னியப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"ஊமைத்தீவுக்கா? மேற்கேயா? எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?"

"எடுக்கறதுக்கு அங்க இன்னா கீது? வெறும் மண்ணு. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

தாட்சாயிணி தூணைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெருமூச்சு வந்தது. "நல்ல வேளை," என்றாள்.

அவன் எதிர்பார்த்தது அதை அல்ல.

அவள் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துப் பிரித்தாள். டைப் அடித்த தாளின் கார்பன் பிரதி. "மாசா மாசம் ஆபீசுக்கு அறிக்கை அனுப்பணும். இதோ பாருங்க, உங்க பேச்சுக்குப் பக்கத்துல நான் என்ன எழுதியிருக்கேன்னு. 'உறுதி செய்யப்படவில்லை.' நீரோட்டம் வடக்கேர்ந்துன்னீங்க. அந்தப் பக்கம் அப்படி ஓடாது. கல்லு கம்பெனியில வேலை செய்றவர், கம்பெனி சொல்லிக் கொடுத்ததைச் சொல்றாரோன்னு எனக்கும் சந்தேகம்."

"எம்மேலயா?"

"உங்க மேலதான். ஏன், நீங்க மட்டும்தான் சந்தேகப்படணுமா?"

கன்னியப்பன் தாளை வாங்கிப் பார்த்தான். கீழே, பிரதிகள் மூன்று என்று இருந்தது.

"இந்த மூணு யாரு யாருக்குப் போவுது?"

"ஒண்ணு எங்க டைரக்டருக்கு. ஒண்ணு நூலகத்துக்கு. ஒண்ணு..." அவள் குரல் இறங்கியது. "குத்தகை விடற பிரிவுக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு அவளை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தாளைக் காட்டினாள், சரி. தாளை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். பூந்தமல்லி வரை ஒரு மாதிரி நினைத்தான், அயனம்பாக்கம் தாண்டும்போது வேறு மாதிரி நினைத்தான்.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவர் கஜபதிதான். செவ்வாய்க்கிழமை யார்டுக்கே வந்தார். இந்த முறை நாற்காலி இல்லை.

"எங்கிட்ட நெட்டைத்தீவுன்ன. அந்தம்மாகிட்ட ஊமைத்தீவுன்ன. இன்னாடா, என்னியே டபாய்க்கிறியா?"

"அந்தம்மாகிட்ட சொன்னது உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

கஜபதி சிரித்தார். "ஜீப்பு எதுக்கு அனுப்பிச்சேன்னு நெனச்ச? நீ என்கிட்ட பொய் சொல்லுவன்னு எனுக்குத் தெரியும். பேப்பரும் பேனாவும் வெச்சிகினு மரியாதையா கேக்கற ஆபீசர்கிட்ட மெய் சொல்லுவன்னு நெனச்சேன். அவங்க எழுதினா போதும், அது எங்க போவணுமோ அங்க போயி எனுக்கு வந்து சேரும். பாவம், அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது." சிரிப்பு நின்றது. "நாளைலேர்ந்து காளவாய்ல கல்லு போடு."

கல்லைச் சுண்ணாம்பாக வேக வைக்கும் காளவாயின் வாயில் நின்று கல் போடுகிறவர்களின் கண் எப்போதும் சிவந்திருக்கும். கன்னியப்பன் பத்து நாள் அங்கே நின்றான். பதினோராம் நாள் போகவில்லை. வேம்புலியம்மாள் தன் டப்பா கம்பெனி வாட்ச்மேனிடம் சொல்லி, பக்கத்தில் இருந்த சைக்கிள் பாகம் செய்யும் கம்பெனியில் கேட் வேலைக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தாட்சாயிணி மறுபடி வந்தபோது கையில் வரைபடம் இல்லை, நோட்டும் இல்லை. வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்தாள். வேம்புலியம்மாள் கொடுத்த மோரைக் குடித்தாள்.

"ஆபீஸ்ல சண்டை போட்டுட்டேன். குத்தகைப் பிரிவுக்குப் பிரதி போகக் கூடாதுன்னு கேட்டேன். அது நடைமுறைன்னுட்டாங்க. நான் எழுதற எதுவும் அங்க போகும். எழுதாம இருந்தா, குத்தகை புதுசாகும்போது எல்லாத் தீவையும் சேர்த்துக் கொடுத்துடுவாங்க. எப்படியும் போகும். எனக்கு வழி தெரியல."

கன்னியப்பன் யோசித்தான். கஜபதி சொன்னதை வைத்துப் பார்த்தால் இவள் குற்றமில்லாதவள். ஆனால் குற்றமில்லாதவள் கை வழியாகத்தான் எல்லாம் போயிருக்கிறது. அது கள்ளனைவிட ஆபத்தாக அல்லவா இருக்கிறது?

"உயிரோட கீற இடத்த நான் சொல்ல மாட்டேன்," என்றான் கடைசியில். "செத்த இடத்த சொல்றேன். அத்த எழுதிக்கங்க. செத்த இடத்த எவனும் திருடப் போறதில்ல."

"செத்த இடத்தை வெச்சு என்ன செய்ய?"

"எப்டி செத்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க." அவன் குரலில் முதன்முறையாக வேகம் வந்தது. "அறுவத்தெட்டுல ஒரு பாறைய வெட்டுனாங்க. வெட்டுனது ஒரு பங்கு. ஆனா வெட்டுன குழில மண்ணு எழும்பிச்சு. ராத்திரி பகலு தண்ணி கலங்கியே கெடந்துச்சு. அந்த மண்ணு பக்கத்துல கையே வெக்காத பாறை மேல பட்ஞ்சிச்சு. ரெண்டு மாசத்துல அதுவும் வெள்ளையா செத்துப் போச்சு. ஒரு பங்கு வெட்டுனா மூணு பங்கு சாவுது. அத்த மேலேர்ந்து பாக்கறவனுக்குத் தெரியாது. உள்ள எறங்குனவனுக்குத்தான் தெரியும்."

தாட்சாயிணி நோட்டு இல்லாத கையைப் பிசைந்தாள். வேம்புலியம்மாள் உள்ளேயிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் கரை இருவது அடி உள்ள வந்துச்சு. அல வந்து பாறையில மோதி ஒடையும். பாறை இல்லன்னா கரையில வந்து ஒடையும். பனமரம் பதினோரு மரம் சாஞ்சிச்சு. தீவுல மீன்காரங்க தண்ணி எடுக்கற கெணறு உப்பாச்சு. அதெல்லாம் நான் பாத்தேன். உத்தமன் பாத்தான்."

"இன்னும் யார் பார்த்தாங்க?"

"ராயபுரத்துல மூணு பேரு கீறாங்க. அங்க சங்கு குளிக்கறவங்க கீறாங்க. ஆனா ஒண்ணு, ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லாத தனித்தனியா கேளுங்க. நான் உங்கள பிடிச்ச மாதிரி. எல்லாரும் ஒரே கதைய சொன்னா மெய்யி. இல்லன்னா எவனோ சொல்லிக் குடுத்துகீறான்."

அவள் அப்படியே செய்தாள். நான்கு மாதத்தில் எட்டு டைவர்களைத் தனித்தனியாகப் பார்த்தாள். இரண்டு பேர் பேச மறுத்தார்கள். ஒருவர் சொன்னது யாருடையதோடும் ஒட்டவில்லை, அதை விட்டாள். மற்ற ஐந்து பேர் சொன்ன செத்த இடங்கள், கலங்கிய தண்ணீர், உள்ளே வந்த கரை எல்லாம் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

ஒரு ஞாயிறு அந்த வரைபடத்தோடு வந்தாள். ஊமைத்தீவுக்குக் கிழக்கே பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தாள். கன்னியப்பன் அதைப் பார்த்தான். உள்ளுக்குள் திடுக்கிட்டது. செத்த இடங்களை எல்லாம் குறித்துவிட்டு, மிச்சத்தை அவளே ஊகித்துவிட்டிருந்தாள்.

"இந்த இடத்துல கல் எடுக்கக் கூடாதுன்னு எழுதலாம்னு இருக்கேன்," என்றாள்.

"அழிங்க," என்றான்.

"ஏன்?"

"இந்த வட்டத்த போட்டா, இங்கதான் கீதுன்னு நீங்களே கை காட்டற மாதிரி. கோட்ட பெரிசா போடுங்கம்மா. தீவ சுத்தி மூணு மைலு, மண்ணு, சேறு, புல்லு எல்லாத்தையும் சேத்துப் போடுங்க. கோட்டுக்குள்ள எங்க கீதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது. மண்ணு எழும்புனா மூணு மைலும் சாவும்னு காரணம் எழுதுங்க. அது பொய்யில்ல."

தாட்சாயிணி ரப்பரை எடுத்தாள்.

குத்தகை எழுபத்தைந்தில் புதுப்பிக்கப்பட்டது. அவள் கேட்டது நான்கு தீவுகள். கிடைத்தது ஒன்று. ஊமைத்தீவைச் சுற்றி மூன்று மைலுக்குள் ஐந்து வருஷம் கல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நெட்டைத்தீவும் மற்றவையும் கஜபதி போன்றவர்களுக்கே போயின. அதைக் கேட்டபோது கன்னியப்பன் தன்னையே நொந்துகொண்டான். தெரிந்ததை முன்பே சொல்லியிருந்தால் நான்கும் தப்பியிருக்குமோ என்று நினைத்தான். அல்லது நான்கும் போயிருக்குமோ. அதற்கு விடை சொல்ல யாரும் இல்லை.

உத்தரவின் பிரதியை அவள் சைக்கிள் கம்பெனி கேட்டுக்கே கொண்டுவந்தாள். ஷிப்டு முடிகிற நேரம். கன்னியப்பன் அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தான். திசையைப் படித்தான், மைலைப் படித்தான், தேதியைப் படித்தான். பின்பக்கம் திருப்பியும் பார்த்தான்.

"சரியா இருக்கா?" என்றாள்.

"இர்க்கற மாதிரிதான் கீது."

அவளை அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். பிளாட்பாரத்தில் ஆட்கள் அதிகமில்லை. ஒரு மூங்கில் கூடைக்காரியும், தூணில் சாய்ந்து பேப்பர் படிக்கிற ஒருவரும்தான். கன்னியப்பன் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, தாட்சாயிணி பக்கம் குனிந்தான்.

"ரெண்டு வருசமா உங்கள பாக்கறேன். நீங்க நல்லவங்க. உங்களுக்கு சொல்லலன்னா அது தப்பு. அந்தக் கோட்டுக்குள்ள, கெழக்க நீங்க வட்டம் போட்டீங்களே, அது கிட்டக் கிட்ட வந்துச்சு. ஆனா அங்க இல்ல. மெய்யாலும் எங்கன்னா..."

"வேண்டாம்," என்றாள் தாட்சாயிணி சட்டென்று.

"இன்னா?"

"சொல்லாதீங்க. சொன்னா நான் என்னை அறியாம எங்கேயாவது எழுதிடுவேன். எழுதறதுதான் என் வேலை. நீங்களே வெச்சுக்குங்க."

கன்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். மாங்காட்டில் அந்த முன்வாசலில் பார்த்தபோது நடிப்போ என்று நினைத்த அதே முகம்தான். இப்போது அப்படித் தோன்றவில்லை.

"உத்தமனுக்குத் தெரியுமா?" என்று அவளே கேட்டாள்.

"தெரியும். அவனும் சொல்ல மாட்டான்."

"ரெண்டு பேர் போதும்."

ஆவடிப் பக்கமிருந்து வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வண்டி நகரும்வரை கன்னியப்பன் நின்றான். பேப்பர் படித்தவர் ஏறாமல் அங்கேயே இருந்தார். அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று பார்க்க இன்னும் கால் மணி நேரம் நின்றான். மூன்று பெண் குழந்தைகளோடு ஒரு அம்மாள் எதிர்த்திசை வண்டியிலிருந்து இறங்கியதும், அவர் பேப்பரை மடித்துக்கொண்டு குழந்தைகளைக் கையில் பிடித்தபடி வெளியே போனார். அதன்பிறகுதான் கன்னியப்பன் வெளியே வந்து சைக்கிளில் ஏறினான்.